கணக்கு ஆசிரியர் பயிற்சியில் கணக்கு எங்கே?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அடுத்த மாதம் எங்கள் ஒன்றியத்தில் 6 முதல் 10 வரை எடுக்கும் கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கருத்தாளர் (பயிற்சி நடத்துபவர்) பட்டியலில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். திறமை பார்த்துச் சேர்க்கவில்லை. தொலைபேசி வந்த நேரத்தில் தலைமையாசிரியர் அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். சரி, வந்தது வந்துவிட்டது, ஒழுங்காகச் செய்வோம் என்று இங்கே கேட்கிறேன்.

2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்ததும், அடுத்த ஆண்டே மீதி வகுப்புகளுக்கும் வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் பயிற்சிக்குப் போனவன். என்ன கற்றுக்கொண்டேன் என்று யோசித்தால், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது, திக்‌ஷா செயலியில் நுழைவது, குழுவாகப் பிரிந்து சார்ட்டில் படம் வரைவது, கடைசியில் புகைப்படம் எடுப்பது. 6, 7, 8-ல் ‘தகவல் செயலாக்கம்’ என்று முழுசாக ஒரு புது அலகு வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 10-ஆம் வகுப்பில் மட்டு எண்கணிதம் (வகுத்தால் வரும் மீதியை வைத்துப் போடும் கணக்கு) வந்தது, முக்கோணம் பற்றிய சீவா தேற்றம், மெனிலாஸ் தேற்றம் வந்தன. “இதெல்லாம் உங்களுக்கே தெரியும் சார், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகிவிட்டது. 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வும் போய்விட்டது. பாடத்திட்டம் மறுபடி மாறும் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அதனால் என் கேள்வி: நீங்கள் போன பயிற்சிகளில், வகுப்பறைக்குத் திரும்பியதும் நிஜமாகவே கைகொடுத்தது எது? ஒரு மணி நேரம் என்றாலும் போதும். புலம்பலும் எழுதலாம், ஆனால் கூடவே ஒரு யோசனையும் எழுதிவிடுங்கள்.

மைல்கல்

புலம்பலை முதலில் முடித்துவிடுகிறேன் சார். எங்கள் மாவட்டத்தில் ஒரு தடவை கணிதப் பயிற்சிக்கு வந்த கருத்தாளர் தமிழாசிரியர். நல்ல மனிதர், பேச்சும் அருமை. ஆனால் கொடுத்த பிபிடியை வரி வரியாகப் படித்தார். “மாணவர்கள் அறிவைத் தாமே கட்டமைக்கிறார்கள்” என்று திரையில் வந்தது. நாங்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அவரையும் குறை சொல்ல முடியாது, ஆணை வந்தது, வந்தார்.

இப்போது யோசனை. பங்கேற்பவர்களைக் கணக்குப் போட வையுங்கள். பாடப்புத்தகக் கணக்கையே போட வையுங்கள். பயிற்சிக்கு வந்தால் யாரும் கணக்குப் போடுவதில்லை, எல்லோரும் கணக்குக் கற்பிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு உதவியது ஒரே ஒரு அமர்வு. அதில் ஒருவர் வந்து வணக்கம்கூடச் சொல்லாமல் கரும்பலகையில் “−17-ஐ 5 ஆல் வகுத்தால் மீதி என்ன?” என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அறையில் பாதிப் பேர் 2 என்றோம், சிலர் −2 என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் மட்டும் 3 என்றார்.

10-ஆம் வகுப்புப் புத்தகத்தின் யூக்ளிட் துணைத்தேற்றப்படி மீதி பூச்சியத்துக்குக் குறையக்கூடாது, வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகவும் இருக்கவேண்டும். அப்படியானால் −17 = 5 × (−4) + 3. மீதி 3. அதுவரை அந்த நிபந்தனையை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தோமே தவிர, அது எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்று மதியச் சாப்பாட்டு வரிசையிலும் அதே சண்டை. வேறு எந்தப் பயிற்சியிலும் சாப்பாட்டு வரிசையில் கணக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

முதுகலை

டீச்சர் சொன்ன கேள்வியை நான் மேல்நிலையிலும் பயன்படுத்துகிறேன். அங்கே இன்னொரு சிக்கல் வரும். 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இருக்கிறது, 12-ல் பைத்தான். மாணவன் சி++-ல் −17-க்கு 5 ஆல் மீதி கேட்டால் −2 என்று வரும். பைத்தானில் கேட்டால் 3. “எது சார் சரி?” என்பான். இரண்டுமே தத்தம் விதிப்படி சரி. எதிர்ம எண்ணுக்கு மீதியை எப்படி வரையறுப்பது என்பதில் அந்த மொழிகள் வேறு வேறு முடிவு எடுத்திருக்கின்றன. கணிதப் புத்தகம் எடுத்த முடிவு பைத்தானோடு ஒத்துப்போகிறது.

அந்த முடிவு ஏன் வசதி என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு. ஞாயிறு 0, திங்கள் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஞாயிறு. 17 நாளுக்கு முன் என்ன கிழமை? −17 = 7 × (−3) + 4. மீதி 4, அதாவது வியாழன். −3 என்று விட்டுவைத்தால் “−3 எந்தக் கிழமை?” என்று இன்னொரு தடவை யோசிக்க வேண்டும். இதை முன்னால் வைத்துவிட்டு மட்டு எண்கணிதத்தைத் தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பயம் வராது.

ஒரு விஷயம் மட்டும். 2018-ல் 11-ஆம் வகுப்புப் புத்தகம் பத்தாண்டுக்கு மேல் கழித்து மாறியது. அது எங்களுக்குச் சின்ன மாற்றம் இல்லை. பல வருடம் கைப்பழக்கத்தில் எடுத்தவர்கள் திடீரென்று மறுபடி மாணவர்களானோம். எங்களுக்குத் தேவைப்பட்டது கற்பித்தல் முறை பற்றிய சொற்பொழிவு இல்லை. சங்கடம் இல்லாமல் “இது எனக்குத் தெரியவில்லை” என்று சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது.

குறுவளம்

நான் ஆசிரியர் பயிற்றுநர். இங்கே எல்லோரும் எங்களை அடிப்பீர்கள் என்று தெரிந்துதான் வருகிறேன்.

பயிற்சி எப்படி இறங்குகிறது என்று கொஞ்சம் பாருங்கள். மாநில அளவில் சென்னையில் ஒரு கூட்டம். அங்கிருந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். அங்கிருந்து வட்டார வள மையம். அங்கிருந்து, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்கான குறுவள மையம். பொருளை எழுதியவர் மேலே இருப்பார். கடைசியில் ஆசிரியர் முன் நிற்பவர் அதை நேற்றுத்தான் கேட்டிருப்பார். மேலே நாள் கணக்கில் நடந்தது கீழே ஒரு மதியமாகச் சுருங்கும். கணக்குதான் முதலில் உதிரும், ஏனென்றால் அதைச் சொல்லத்தான் நேரமும் துணிச்சலும் வேண்டும். பிபிடியும் வருகைப் பதிவும் மட்டும் சேதமில்லாமல் வந்து சேரும்.

அப்புறம், எங்கள் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? பள்ளிப் பார்வை, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரத் தளம்) பதிவு சரிபார்ப்பு, ஆதார் விடுபட்டவர் பட்டியல், கூட்ட அறிக்கை. கணித ஆசிரியராகச் சேர்ந்த எனக்கே கணக்குப் புத்தகத்தைத் திறக்க வாய்ப்பு எப்போதாவதுதான். இது சாக்குப்போக்கு இல்லை. கரும்பலகை சார், நீங்கள் தினமும் வகுப்பில் நிற்பவர். உங்களைக் கருத்தாளராகப் போட்டது தற்செயலாக நடந்த நல்ல காரியம்.

மொட்டுமலர்

தொடக்கப் பள்ளி ஆசிரியை நான், உங்கள் 6–10 பேச்சில் நுழைகிறேன், மன்னிக்கவும். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ல் தொடங்கியபோது நாங்களும் திட்டிக்கொண்டேதான் போனோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் கையேடு கையில் இருந்தது, பயிற்சியில் அந்தப் பருவத்துக்கு வேண்டியதைச் செய்து பார்த்தோம். ஜூனில் ஒரு தடவை மொத்தமாகக் கொட்டிவிட்டு ஏப்ரல் வரை காணாமல் போகவில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று நிலை வைத்து நடத்துவது கஷ்டம்தான். செயலியில் மதிப்பீடு ஏற்றுவது அதைவிடக் கஷ்டம். இருந்தாலும் “அடுத்த வாரம் என்ன செய்யவேண்டும்” என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஒரு பயிற்சியில் மாணவர் நோட்டிலிருந்து 45 − 28 = 23 என்ற விடையைக் காட்டினார்கள். “இந்தப் பிள்ளை என்ன நினைத்தது?” என்பதுதான் கேள்வி. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 4-லிருந்து 2, 8-லிருந்து 5. தப்பு விடைக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. அதுவரை சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டுவிட்டு “கடன் வாங்க மறந்துட்டே” என்று எழுதுவேன். அது மறக்கவே இல்லை, வேறு ஒரு விதியை நம்பிக்கையாகப் பின்பற்றியிருக்கிறது.

கரும்பலகை

மொட்டுமலர் டீச்சர், இது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். என் 9-ஆம் வகுப்பில் இன்றும் 1/2 + 1/3 = 2/5 வருகிறது.

மைல்கல்

2/5-ஐ அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள் சார். என் வகுப்பில் ஒரு பெண் இப்படி வாதாடினாள்: “முதல் டெஸ்டில் 2-க்கு 1 வாங்கினேன். அடுத்ததில் 3-க்கு 1. மொத்தம் 5-க்கு 2 தானே டீச்சர்? நீங்களே அப்படித்தானே கூட்டிப் போடுறீங்க?”

மதிப்பெண் பட்டியலில் அது சரி. அங்கே இரண்டு வேறு முழுமைகள், அவற்றைச் சேர்த்து 5 என்ற புது முழுமை ஆக்குகிறோம். பின்னக் கூட்டலில் இரண்டு பின்னமும் ஒரே முழுமையைப் பற்றியவை. அரை இட்லியும் மூன்றில் ஒரு பங்கு இட்லியும் சேர்ந்தால் ஆறில் ஐந்து இட்லி. 2/5 என்றால் அரை இட்லியைவிடக் குறைவு. ஏற்கெனவே தட்டில் இருந்ததே காணாமல் போகிறது. இந்த வேறுபாட்டை அந்தப் பெண்ணுக்கு விளக்க ஒரு பீரியட் முழுக்கப் போனது. வீண் என்று நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்தப் பயிற்சியும் கற்றுத்தரவில்லை. பட்டப்படிப்பும் கற்றுத்தரவில்லை, பி.எட்டும் கற்றுத்தரவில்லை.

முதுகலை

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் இதைத்தான் தனி அறிவாகப் பிரித்துக் காட்டினார். பாடத்தை அறிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது ஒன்று. இரண்டுக்கும் நடுவில், இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள், எந்த எடுத்துக்காட்டு தூக்கிவிடும், எது குழப்பும் என்ற அறிவு. கல்லூரி முதலாவதைத் தருகிறது, பயிற்சிகள் இரண்டாவதைத் தருவதாகச் சொல்கின்றன. நடுவில் இருப்பதை ஒவ்வொருவரும் தனியாக, வருடக்கணக்கில், மாணவர் தலையில் பழகிக் கற்றுக்கொள்கிறோம். ஓய்வு பெறும்போது அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

பழைய கணக்கு

ஓய்வு பெற்றுவிட்டேன், இன்னும் எடுத்துக்கொண்டு போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்!

2011 நினைவிருக்கிறதா தம்பிகளா? சமச்சீர்க் கல்வி வழக்கு. பள்ளி ஜூனில் திறந்தாயிற்று, எந்தப் புத்தகம் என்று தெரியாது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. மாநிலப் பாடம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்தது ஒன்றானது. அந்தக் குழப்பத்தில் ஒரு நல்லது நடந்தது. எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் முதல் தடவையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். யாருக்கும் புதுப் புத்தகம் பழக்கமில்லை, அதனால் யாரும் பெரிய ஆள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்குப் பின்னால் இருந்த டியூஷன் கொட்டகையில் கூடி ஒவ்வொரு பயிற்சியையும் நாங்களே போட்டுப் பார்ப்போம். யாரும் ஆணை போடவில்லை, பயணப்படியும் கிடையாது. பொதுத்தேர்வு முடிந்ததும் அது கலைந்துவிட்டது. அதைக் கலையவிட்டதில்தான் எனக்கு வருத்தம்.

ஆறாம் வகுப்பு ஆ பிரிவு

நான் கோவையில் தனியார் சிபிஎஸ்இ பள்ளி. எங்கள் பக்கம் இப்போதுதான் மாற்றமே. 6-ஆம் வகுப்புக்குப் புது என்சிஇஆர்டி புத்தகம் ‘கணித பிரகாஷ்’ 2024-ல் வந்தது, 7-ம் 8-ம் 2025-ல். ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்பது விதி. அதில் பாதி வாரியம் அல்லது அரசு நிறுவனங்கள் வழியாக, மீதிப் பாதி பள்ளிக்குள்ளேயே. மணி நேரம் ஏறுகிறது, சான்றிதழும் ஏறுகிறது. ஒரு வெபினாரை ஓடவிட்டுவிட்டு நோட்டுத் திருத்துபவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

புத்தகம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முதல் பாடமே எண் வரிசைகளின் அழகு. அடுத்து வரும் ஒரு பாடத்தில் 6174 இருக்கிறது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இறங்கு வரிசையில் எழுதியதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் அதிகபட்சம் 7 முறைக்குள் 6174 வந்துவிடும். 2025-ஐ எடுத்துப் பாருங்கள்: 5220 − 0225 = 4995, அப்புறம் 5355, 1998, 8082, 8532, 6174. இதைக் கண்டுபிடித்த கப்ரேக்கர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இது பாடப்புத்தகத்தில் இருப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதே பாடத்தில் கொலாட்ஸ் கேள்வியும் இருக்கிறது. எண் இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் 3 ஆல் பெருக்கி 1 கூட்டு, எப்படியும் 1-க்கு வருமா? 1937-லிருந்து யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு பயிற்சியில் கருத்தாளர் “எல்லா எண்ணும் 1-க்கு வந்துவிடும், காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்தால் சொல்லி அனுப்புகிறேன்.

கரும்பலகை

சிரித்து முடியவில்லை. ஆனால் எனக்கும் உறுத்தல். தகவல் செயலாக்கத்தில் வரைபடத்துக்கு நிறமிடும் பகுதி இருக்கிறதே, அதை நான் “பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு வேறு நிறம், நான்கு நிறம் போதும், அடிச்சுக்கோங்க” என்று முடித்துவிடுவேன். ஒருவன் “மூணு பத்தாதா சார்?” என்று கேட்டால்?

முதுகலை

கேட்கட்டும், நல்ல கேள்வி. நீங்கள் கரூர் பக்கம்தானே சார்? விடை உங்கள் காலடியிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள் உள்ள வரைபடத்தை எடுங்கள். கரூரைச் சுற்றி யார்? நாமக்கல், திருச்சி, திண்டுக்கல், திருப்பூர், ஈரோடு. ஐந்து மாவட்டம். இந்த ஐந்தும் ஒரு வளையம்: நாமக்கல்லும் திருச்சியும் அண்டை, திருச்சியும் திண்டுக்கல்லும் அண்டை, திண்டுக்கல்லும் திருப்பூரும், திருப்பூரும் ஈரோடும், ஈரோடும் நாமக்கல்லும். வளையத்துக்கு இரண்டே நிறத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல் சிவப்பு, திருச்சி நீலம், திண்டுக்கல் சிவப்பு, திருப்பூர் நீலம், ஈரோடு சிவப்பு. ஈரோடும் நாமக்கல்லும் இரண்டும் சிவப்பு, மாட்டிக்கொண்டது. ஐந்து ஒற்றைப்படை, அதனால் மாறி மாறி அடித்தால் கடைசியில் இடிக்கும். ஆகவே வளையத்துக்கே மூன்று நிறம் வேண்டும். கரூர் ஐந்தையும் தொடுகிறது, அதற்கு நான்காவது நிறம் கட்டாயம். மூன்று நிறம் போதாது என்பதற்கு நிரூபணம் முடிந்தது, ஒரு 8-ஆம் வகுப்புப் பிள்ளையால் முழுதாகச் சொல்ல முடியும்.

எந்தத் தட்டை வரைபடத்துக்கும் நான்கு போதும் என்பது வேறு கதை. அதை 1976-ல் ஆப்பெலும் ஹாக்கெனும் கணினி உதவியோடு நிரூபித்தார்கள். அது நமக்கு வகுப்பில் வேண்டாம். ஆனால் எது நம்மால் நிரூபிக்க முடிந்தது, எது புத்தகத்தை நம்பி ஏற்றுக்கொண்டது என்று பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்லலாம்.

மைல்கல்

இதுதான் அமர்வு! வேறு எதுவும் வேண்டாம் சார். வரைபடத்தை நகல் எடுத்து, கலர் பென்சில் கொடுத்து, ஆசிரியர்களையே அடிக்க விடுங்கள். யாரிடமும் முன்கூட்டியே நான்கு என்று சொல்லாதீர்கள்.

தேர்வுப்புலி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேர்ச்சி விகிதம் குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் நின்று பதில் சொல்வது நான். கரூரைச் சுற்றி ஐந்து மாவட்டம் என்றா பதில் சொல்வேன்?

10-ஆம் வகுப்பு வினாத்தாளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் வடிவியல் வரைதலும் வரைபடமும் (கிராஃப்) தலா 8. அந்த 16-ஐயும் ஒரு மதிப்பெண் கேள்விகளையும் கொஞ்சம் இரண்டு மதிப்பெண்ணையும் வைத்துப் பிள்ளையைக் கரையேற்றிவிடலாம். என் பள்ளியில் மெல்லக் கற்போர் எல்லோரும் அப்படித்தான் தேறுகிறார்கள். பயிற்சியில் அதைக் கற்றுக்கொடுங்கள்.

பழைய கணக்கு

தேர்வுப்புலி தம்பி, நானும் அதைச் செய்தவன்தான், வெட்கப்படவில்லை. தேறாத பிள்ளைக்கு ஐடிஐயில்கூடப் பல பிரிவுகள் கிடைக்காது. ஆனால் முன்பு புளூபிரிண்ட் இருந்தது, எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்று தெரியும், அதனால் வடிகட்டிக் கொடுக்க முடிந்தது. இப்போது அது இல்லை. 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாய வினா, அங்கே எது வரும் என்று சொல்ல முடியாது. தேர்வே மாறியபின் பழைய வடிகட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவீர்கள்?

தேர்வுப்புலி

கட்டாய வினா இரண்டும் சேர்த்து 7 மதிப்பெண்தான் ஐயா. 35 எடுக்க அது தேவையில்லை.

பழைய கணக்கு

35-க்குத் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். 80 எடுக்க வேண்டிய பிள்ளை உங்கள் வகுப்பில் இல்லவே இல்லையா?

குறுவளம்

இரண்டு பேரும் சொல்வது நிஜம். என் கருத்தைக் கேட்டால், மெல்லக் கற்போருக்கு 10-ஆம் வகுப்பில் செய்யும் முதலுதவி, 6-ஆம் வகுப்பிலேயே செய்ய வேண்டிய வைத்தியம். 2025-ல் 6 முதல் 9 வரை ‘திறன்’ திட்டம் கொண்டுவந்ததே அதற்குத்தான். தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் அடிப்படை விட்டுப்போனவர்களுக்கு. மைல்கல் டீச்சர் சொன்ன 2/5 பேச்சு அங்கேதான் தேர்ச்சி விகிதமாக மாறும். அது அடுத்த மாத அறிக்கையில் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

மைல்கல்

இன்னொரு நடைமுறைச் சிக்கல். உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கணிதத்துக்கு ஒரே பட்டதாரி ஆசிரியர். 6-லிருந்து 10 வரை அவரே. சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் சமூக அறிவியல் சார்தான் இருப்பார். வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் சுற்றறிக்கையும் காலை வணக்கமும் மட்டும். இப்போது 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பணிக்காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் மீதி இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறவேண்டும் என்று ஆகிவிட்டதால், என் வயதுக்காரர்கள் ராத்திரி டெட் புத்தகத்தோடு இருக்கிறோம். இந்த மனநிலையில் பயிற்சிக்கு வருபவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் சார். “உங்களுக்கு எதுவும் தெரியவில்லை” என்ற தொனி ஒரு துளி வந்தாலும் அறை மூடிக்கொள்ளும்.

முதுகலை

ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக ஒரு பழக்கம் உண்டு. நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். எந்தக் கேள்வி கேட்பது, பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும், கரும்பலகையில் எது எங்கே வரும் என்பது வரைக்கும். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். விமர்சனம் பாடத்தின் மேல், எடுத்தவர் மேல் இல்லை.

நம் ஊரில் வகுப்புக்குப் பின்னால் ஒருவர் நின்றால் அது ஆய்வு. அந்தப் பயம் போகாமல் இதை இறக்கினால் இன்னொரு படிவமாகிவிடும். வட்டாரக் கல்வி அலுவலர் இல்லாமல், பதிவேடு இல்லாமல், குறுவள மையத்தில் உள்ள கணித ஆசிரியர்கள் மட்டும் பருவத்துக்கு ஒரு பாடம் இப்படிச் செய்யலாம். பழைய கணக்கு ஐயா சொன்ன டியூஷன் கொட்டகைதான் இது, கொஞ்சம் ஒழுங்கு சேர்த்தால்.

ஆறாம் வகுப்பு ஆ பிரிவு

தனியார் பள்ளியில் இது இன்னும் கஷ்டம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் போட்டியாளர் என்று நிர்வாகம் நினைக்கும். நான் எனக்காகச் செய்வது, சென்னையில் இருக்கும் ஏஎம்டிஐ. 1965-லிருந்து கணித ஆசிரியர்களுக்காகவே நடக்கும் சங்கம். அவர்களுடைய மாணவர் இதழை ஆசிரியர்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு என் முடிவு இது. தொடக்க விழா, குத்துவிளக்கு, அறிமுகம் எல்லாம் இருக்கும், அது என் கையில் இல்லை. என் கையில் இருக்கும் நேரத்தில் பிபிடி கிடையாது. முதலில் −17 கேள்வி, அதைத் தொட்டுக் கிழமைக் கணக்கு. அடுத்து 38 மாவட்ட வரைபடமும் கலர் பென்சிலும். மதியத்துக்கு மேல் விடைத்தாள்: வருகிறவர்கள் தங்கள் மாணவர் எழுதிய தப்பு விடை ஒன்றைப் பெயரை மறைத்து நகலெடுத்து வரவேண்டும், பிள்ளை என்ன நினைத்தது என்று எல்லோரும் சேர்ந்து ஊகிப்போம். தேர்வுப்புலி சார் கேட்டதையும் விடவில்லை. கடைசி அரைமணி நேரம் 8 மதிப்பெண் கேள்விகளில் பிள்ளைகள் எங்கே மதிப்பெண் இழக்கிறார்கள் என்பதை அதே விடைத்தாள் முறையில் பார்ப்போம்.

சீவா, மெனிலாஸ் இந்தத் தடவை முடியாது. தொட்டுவிட்டு ஓடுவதற்கு விடுவதே மேல்.

தேர்வுப்புலி

அந்த அரைமணி நேரத்துக்கு என் பள்ளிப் பிள்ளைகள் கிராஃப் போட்ட தாள்களைத் தருகிறேன். பாதிப் பேர் அளவுத்திட்டம் எழுத மறந்திருப்பார்கள். அப்படி நினைத்துத்தான் இத்தனை வருடம் ஒரு மதிப்பெண் குறைத்தேன். மறந்தார்களா, அளவுத்திட்டம் எதற்கென்றே தெரியவில்லையா என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.

குறுவளம்

பங்கேற்பாளர் கருத்துப் படிவத்தில் “பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்ற வரியை ஆண்டாண்டாக ஒரே கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்: “உங்கள் வகுப்பில் மாணவர் கேட்டு, உங்களால் பதில் சொல்ல முடியாத கணக்குக் கேள்வி ஒன்று எழுதுக.” கிடைப்பதை இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அதுவே பாடம்.

மொட்டுமலர்

அந்தக் கேள்வியைத் தொடக்கப் பள்ளிக்கும் அனுப்புங்கள் சார். என்னிடம் ஒன்று தயாராக இருக்கிறது. 3-ஆம் வகுப்புப் பையன் கேட்டது: “பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தா ஒண்ணுதானே டீச்சர்? எந்த நம்பரையும் அதே நம்பரால வகுத்தா ஒண்ணுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?”